காற்று எங்கே போகிறது? மோட்டார் சைக்கிள் வால்வு கசிவும் பஞ்சரும் – குடும்பத்தில் அனைவரும் அறிய ஒரு பாடம்



இன்று நம் தெருக்களில் இரு சக்கர வண்டி இல்லாத வீடு குறைவு. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன் விற்கப் போவது, உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போவது, உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது எல்லாமே அந்த இரண்டு சக்கரங்களின் மேல்தான் நடக்கிறது. அந்தச் சக்கரங்களைத் தாங்குவது இரும்பும் ரப்பரும் மட்டுமல்ல. உள்ளே அடைத்து வைத்திருக்கும் காற்றுதான் பாரத்தைச் சுமக்கிறது. அந்தக் காற்றைக் காவல் காப்பது நம் சுண்டு விரல் அளவுகூட இல்லாத ஒரு வால்வு.

"தினமும் காத்து இறங்குது, தினமும் அடிச்சுக்கிட்டுப் போறேன்" என்று சொல்பவர்கள் நம்மில் பலர். காரணம் பார்க்காமல் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு ஓட்டுவது, கசியும் படகில் ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை மட்டும் இறைப்பதற்குச் சமம். ஒரு நாள் இறைப்பதை விடக் கசிவு வேகமாகிவிடும். அந்த நாள் வண்டியின் பின்னால் மனைவியும் மடியில் குழந்தையும் இருக்கலாம். காற்று ஏன் இறங்குகிறது, எங்கே இறங்குகிறது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வதே இந்தப் பாடம். இதற்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை. ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் ஐந்து நிமிடமும் போதும்.

வால்வு என்பது என்ன?

பழைய சைக்கிள் ஓட்டியவர்களுக்கு வால்டியூப் நினைவிருக்கும். உலோகத் தண்டின் மேல் மாட்டும் அந்தச் சிறு ரப்பர் குழாய் கிழிந்தால் காற்று போய்விடும். மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், கார், லாரி எல்லாவற்றிலும் இப்போது இருப்பது வேறு வகை. வால்வுத் தண்டுக்குள் பித்தளையில் செய்த சிறு பின் ஒன்று திருகி வைக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு ஸ்பிரிங்கும், ரப்பர் வளையமும், நடுவில் ஊசி போன்ற கம்பியும் உண்டு. ஊசியை அழுத்தினால் வழி திறக்கும். விட்டால் ஸ்பிரிங்கும் உள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து தள்ளி வழியை மூடும். கடைகளில் இதை வால்வு பின் என்று கேட்டால் தருவார்கள்.

இந்த வால்வின் வரலாற்றில் நம் கரைக்காரர்களுக்கு ஒரு வியப்பு உண்டு. காற்றடைத்த டயரை 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட் வில்லியம் தாம்சன் அத்தகைய டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தாலும், மக்களிடம் பரவியது டன்லப்புக்குப் பிறகுதான். அந்த டயருக்கு ஏற்ற வால்வை 1891-ல் செய்தவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த ஆகஸ்ட் ஷ்ரேடர் என்ற ஜெர்மானியர். அவருடைய மகன் ஜார்ஜுக்கும் அதில் பங்கு உண்டு. 1893-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பு ஷ்ரேடர் செய்துவந்த தொழில் என்ன தெரியுமா? கடலில் மூழ்குபவர்களுக்குத் தலைக்கவசமும், அவர்களுக்குக் காற்று அனுப்பும் பம்பும் செய்வது. நம் கரையில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி இறங்கிய காலத்தில், அங்கே மூழ்குபவருக்குக் காற்று அனுப்பக் கருவி செய்த கைகளே பிற்பாடு டயருக்குள் காற்றைப் பூட்டும் வால்வையும் செய்தன. இன்றும் அதை ஷ்ரேடர் வால்வு என்றே அழைக்கிறார்கள். நம் நாட்டில் மைசூரில் உள்ள டிரைட்டன் வால்வ்ஸ் நிறுவனம் இத்தகைய வால்வுகளையும் பின்களையும் செய்கிறது.

மூழ்குபவருக்குக் காற்றுக் குழாய் எப்படியோ, ஓடும் வண்டிக்கு வால்வு அப்படி. இரண்டிலும் கசிவை அலட்சியம் செய்யக் கூடாது.

நம் கரையில் ஏன் இந்தத் தொல்லை அதிகம்?

முதல் காரணம் உப்பு. நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும் பங்கு தூத்துக்குடிக் கரையிலிருந்து வருகிறது. வேப்பலோடை, தருவைகுளம், முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி என்று சாலையின் இருபுறமும் உப்பளங்கள். காற்றிலேயே உப்பு இருக்கிறது. மீன் ஏற்றிய லாரிகளிலிருந்து சிந்தும் உப்புத் தண்ணீரும் சாலையில் கிடக்கிறது. இந்த உப்பு மூன்று இடங்களைக் கெடுக்கும். இரும்பு ரிம் துருப்பிடித்து, கம்பிகளின் தலைப்பகுதி உள்ளிருந்து டியூபைக் குத்தும். ஸ்கூட்டரின் இரும்புச் சக்கரத்தில் டயர் உட்காரும் ஓரம் துருப்பிடித்துக் காற்று கசியும். அலாய் சக்கரத்தில் அதே இடத்தில் வெள்ளைப் பொடி போலப் பூத்து, டயர் சரியாக ஒட்டாமல் போகும்.

இரண்டாவது காரணம் வெயில். வெயிலும், காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும். டியூப்லெஸ் சக்கரத்தில் நிற்கும் ரப்பர் வால்வுத் தண்டு எப்போதும் சற்று இழுபட்ட நிலையில் இருப்பதால் அதன் அடியில்தான் முதல் வெடிப்பு வரும்.

மூன்றாவது முள். சீமைக் கருவேல முள் நீளமானது, கூர்மையானது. டயருக்குள் இறங்கியதும் வெளிப்பக்கம் ஒடிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே கூர் நீட்டிக்கொண்டிருக்கும்.

நான்காவது நம் ஊர்களுக்கே உரிய காரணம். பயணம் போனவர்களின் வண்டி மாதக் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில் முற்றத்தில் நிற்கிறது. காற்று இறங்கி, டயர் தரையில் மடிந்து, ரப்பர் காய்ந்துபோகிறது. விடுமுறையில் வந்தவர் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு அன்றே குடும்பத்தோடு நெடுஞ்சாலைக்குக் கிளம்புகிறார். இது மிகவும் ஆபத்தான பழக்கம்.

முதலில் அளவு தெரிய வேண்டும்

டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்வது அளவாகாது. காற்றின் அழுத்தத்தை பி.எஸ்.ஐ. கணக்கில் அளக்கிறோம், பேச்சில் பவுண்டு என்கிறோம். உங்கள் வண்டிக்கு எத்தனை என்பது வண்டியோடு தரும் கையேட்டிலும், பெரும்பாலும் செயின் கவர் அருகிலோ பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைப்பகுதியிலோ ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். பெரும்பாலான சாதாரண வண்டிகளில் முன்சக்கரத்துக்குக் குறைவாகவும் பின்சக்கரத்துக்குக் கூடுதலாகவும் இருக்கும். பின்னால் ஆள் அமர்ந்தால் பின்சக்கரத்துக்கு இன்னும் கூட்டச் சொல்லியிருப்பார்கள். ஒருவர் மட்டும் ஓட்டும்போது வைத்த காற்றோடு இருவரை ஏற்றினால் டயர் நெளியும், சூடாகும்.

காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அளப்பதே சரி. சுப்ஹு தொழுதுவிட்டு வந்ததும் பார்ப்பது நல்ல வழக்கம். வெயிலில் ஓடிய டயர் சில பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைத் திறந்து விட்டுவிடாதீர்கள்.

காற்று கொஞ்சம் குறைவது இயல்பு. ரப்பரின் வழியே காற்று மெல்ல வெளியேறும். மாதத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு குறைந்தால் கவலை வேண்டாம். ஒரு வாரத்தில் ஐந்து பவுண்டு குறைந்தால் அது கசிவு. ஒரே இரவில் குறைந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். டியூப் வாங்கும்போது பியூட்டைல் டியூபாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ரப்பர் டியூபை விட அது காற்றைப் பல மடங்கு நன்றாகத் தக்கவைக்கும்.

ஐந்து நிமிடச் சோதனை

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சரியான அளவு காற்று அடித்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கி, பழைய பிரஷ்ஷால் கீழ்க்கண்ட வரிசையில் தடவுங்கள்.

1. வால்வின் வாய். மூடியைக் கழற்றி, வாயில் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி எழுந்தால் கசிவது வால்வு பின். பெரும்பாலும் சிறு மணலோ உப்புத் துகளோ ரப்பர் வளையத்தில் சிக்கியிருக்கும். ஊசியை ஒரு நொடி அழுத்திக் காற்றைச் சீறவிட்டால் துகள் வெளியேறிவிடும். மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள்.

2. வால்வின் அடி. தண்டை விரலால் மெல்ல நான்கு பக்கமும் சாய்த்துக்கொண்டே அடியில் தடவுங்கள். டியூப்லெஸ் சக்கரத்தில் இங்கே குமிழி வந்தாலோ, சாய்க்கும்போது ரப்பரில் வெடிப்பு வாய் திறந்தாலோ, வால்வை மாற்றியே ஆக வேண்டும். அதற்கு ஒட்டு கிடையாது.

3. டயரின் ஓரம். டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் இரு பக்கமும் சுற்றிலும் தடவுங்கள். சிறு சிறு நுரையாகத் தொடர்ந்து வந்தால் துருவோ வெள்ளைப் பூப்போ காரணம்.

4. டயரின் முகம். சக்கரத்தை மெல்லச் சுற்றி, தரையில் படும் பகுதி முழுதும் தடவுங்கள். ஆணி, கம்பி, முள் ஏதேனும் தெரிந்தால் அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் உள்ள காற்றும் போய்விடும். இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

டியூப் உள்ள வண்டிக்கு ஓர் எச்சரிக்கை. அதில் டியூப் எங்கே ஓட்டையானாலும் காற்று ரிம்மில் உள்ள வால்வுத் துளை வழியாகவும் கம்பிகளின் அடி வழியாகவும்தான் வெளியே வரும். ஆகவே வால்வின் அடியில் குமிழி வந்தது என்பதற்காக வால்வுதான் கெட்டது என்று முடிவு செய்யக் கூடாது. வாயில் குமிழி வந்தால் மட்டுமே வால்வு பின் என்று உறுதி. மற்றபடி டியூபை வெளியே எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும்.

வால்வு பின் மாற்றும் முறை

முதலில் பின்னைச் சற்று இறுக்கிப் பாருங்கள். இதற்கென நுனியில் பிளவு உள்ள சிறு சாவி ஹார்டுவேர் கடையிலும் பஞ்சர் கடையிலும் கிடைக்கும். விரல் பலம் போதும். பின் உட்கார்ந்ததும் கால் சுற்றுக்கு மேல் முறுக்காதீர்கள். பலமாக முறுக்கினால் ரப்பர் நசுங்கி, இன்னும் கசியும்.

இறுக்கியும் குமிழி நிற்கவில்லை என்றால் பின்னை மாற்ற வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு டியூப் விலையில் சிறு பங்குதான். சக்கரம் தரையில் படாதபடி வண்டி சென்டர் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். முதலில் ஊசியை அழுத்திக் காற்று முழுவதையும் இறக்குங்கள். காற்று இருக்கும்போதே கழற்றினால் பின் தோட்டா போலப் பாய்ந்து வரும். முகத்தை வால்வுக்கு நேரே வைக்காதீர்கள், பிள்ளைகளை அருகில் நிற்க விடாதீர்கள். பழையதைக் கழற்றி, தண்டின் உட்புறத்தைச் சுத்தமான துணி முனையால் துடைத்து, புதியதைத் திருகி, காற்றடித்து, மறுபடி சோப்புச் சொட்டு விட்டுச் சரிபாருங்கள்.

கசியும் வால்வில் தேங்காய் எண்ணெய், கிரீஸ், டீசல், மண்ணெண்ணெய் எதையும் விடாதீர்கள். சில நாள் கசிவு நின்றதுபோலத் தோன்றினாலும் எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

மூடியை அற்பமாக எண்ண வேண்டாம்

பின்தான் முதல் பூட்டு. மூடி இரண்டாவது பூட்டு. மூடி இல்லாத வால்வுக்குள் மணலும் உப்பும் நேராக இறங்கும். உள்ளே ரப்பர் வளையம் உள்ள மூடியாக வாங்குங்கள். நம் கரையில் பளபளக்கும் அலுமினிய மூடிகளைத் தவிர்ப்பது நல்லது. பித்தளைத் தண்டின் மேல் அலுமினியம் இருந்து, உப்பு ஈரமும் சேர்ந்தால் இரண்டும் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு பலமாகத் திருகும்போது தண்டே கிழிந்துவிடும். பிளாஸ்டிக் மூடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ரப்பர் தண்டின் மேல் கனமான அலங்கார மூடிகளையும் மாட்டாதீர்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும்போது அந்தக் கனம் தண்டை வெளிப்பக்கம் இழுத்து அடியை வெடிக்கச் செய்யும்.

பங்கில் காற்றடிக்கும்போதும் கவனம் தேவை. குழாயின் முனையைப் பொருத்தும்போது தண்டு வளைகிறது. ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொருத்தச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவச வசதி என்பதையும் அறிந்து வையுங்கள்.

சாய்ந்த வால்வு – உயிர் காக்கும் அடையாளம்

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

டியூப் உள்ள சக்கரத்தில் வால்வுத் தண்டு ரிம்மின் நடுவை நோக்கி நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், டயர் ரிம்மின் மேல் நழுவி, உள்ளே டியூபையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். காற்று குறைவாக இருக்கும்போது, பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், பாரத்தோடு கிளம்பும் ஒவ்வொரு முறையும் அது சிறிது நழுவும். டியூப் நகரும், ரிம் துளையில் மாட்டிய வால்வு நகராது. கடைசியில் வால்வின் அடி கிழியும்.

முள் குத்தினால் காற்று மெல்ல இறங்கும். ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். வால்வின் அடி கிழிந்தால் காற்று ஒரேயடியாகப் போய்விடும். முன்சக்கரத்தில் அது நடந்தால் கைப்பிடி நம் வசம் இராது. துறைமுகப் புறவழிச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே காற்று பார்க்கும்போதெல்லாம் தண்டு நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். சாய்ந்திருந்தால் அன்றே கடையில் காற்றை இறக்கி, டயரைத் தளர்த்தி, டியூபைச் சரியாக உட்கார வைக்கச் சொல்லுங்கள். வால்வின் அடியில் சிறு கீறல் தெரிந்தாலும் டியூபை மாற்றுங்கள். அந்த இடத்தில் போடும் ஒட்டு நிற்காது; "ஒட்டிக் கொடுங்க, இந்த வாரம் ஓடட்டும்" என்று கடைக்காரரை வற்புறுத்தாதீர்கள். தண்டில் உள்ள நட்டை ஸ்பானர் போட்டு ரிம்மோடு முறுக்கி இறுக்கவும் வேண்டாம்.

மீன் பெட்டி, தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் ஏற்றி ஓட்டும் சகோதரர்கள் பின்சக்கர வால்வை வாரம் இருமுறை பாருங்கள். பாரமும் காற்றுக் குறைவும் சேர்ந்தால் இந்தக் கிழிசல் எளிதில் வரும்.

பஞ்சர் எங்கே என்பதே காரணத்தைச் சொல்லும்

கடையில் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்தும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஓட்டை இருக்கும் இடமே கதையைச் சொல்லும்.

டியூபின் வெளிப்புறத்தில், அதாவது டயரைத் தொடும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் முள் அல்லது ஆணி. உட்புறத்தில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில் இருந்தால் கம்பியின் தலை அல்லது துரு. ரிம்மைச் சுரண்டி, உள்ளே போடும் ரப்பர் பட்டையை மாற்ற வேண்டும். அருகருகே இரண்டு கீறல் இருந்தால், காற்றுக் குறைவான டயர் பள்ளத்தில் இடித்து டியூப் நசுங்கியிருக்கும். அல்லது டயர் மாட்டும்போது இரும்புப் பட்டையில் டியூப் சிக்கியிருக்கும்.

ஒட்டுப் போட்ட அன்றே மறுபடி காற்று இறங்கினால் பலரும் கடைக்காரரைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி டயருக்குள் ஒடிந்து நிற்கும் கருவேல முள். டியூபை மாட்டுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் பழைய துணியால் சுற்றித் துடைக்கச் சொல்லுங்கள். முள் இருந்தால் துணி மாட்டும். வெறும் விரலை விட்டால் விரல் கிழியும்.

டியூப்லெஸ் டயரில் குச்சி வைத்து அடைப்பது தரையில் படும் பகுதிக்கு மட்டும் பொருந்தும். பக்கவாட்டில் ஓட்டை விழுந்தால் டயரை மாற்றுவதே பாதுகாப்பு. பஞ்சர் அடைக்கும் திரவம் ஊற்றியிருந்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தத் திரவம் வால்வு பின்னில் உறைந்து அடைத்துக்கொள்ளும். காற்று பார்க்கும்போது வால்வு கீழே இல்லாமல் மேற்பக்கம் இருக்கும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்த வேண்டும். டியூப்லெஸ் டயர் புதிதாக மாற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வால்வையும் புதிதாகப் போடுங்கள்.

டயரே தேய்ந்திருந்தால் எந்த ஒட்டும் பயன் தராது. இரு சக்கர வண்டியின் டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பயணத்திலிருந்து வந்து நின்ற வண்டியை எடுப்பவர்கள் இந்த எண்ணையும், பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் அவசியம் பாருங்கள். ஊருக்குப் போகும் முன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிழலில் நிறுத்தி, மாதம் ஒரு முறை காற்றடிக்க வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வழியில் காற்று போனால்

முன்சக்கரம் என்றால் கைப்பிடி கனக்கும், ஆடும். பின்சக்கரம் என்றால் வண்டியின் பின்பகுதி மீன் வால் போல அலையும். எதுவானாலும் முதலில் பதற்றம் வேண்டாம்.

கைப்பிடியை இரு கையாலும் நேராகப் பிடியுங்கள். ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறையுங்கள். சட்டென்று திருப்பாதீர்கள். காற்று போன சக்கரத்தின் பிரேக்கைத் தொடாமல், நல்ல சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மென்மையாகப் பயன்படுத்துங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு இடப்புறம் ஒதுங்கி, தார்ச்சாலையை விட்டு இறங்கி நிறுத்துங்கள். பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் இறக்கி, சாலையிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இருட்டாக இருந்தால் இண்டிகேட்டரைப் போட்டு வையுங்கள்.

"கடை பக்கம்தானே" என்று காற்று இல்லாமலே ஏறி ஓட்ட வேண்டாம். சிறு செலவில் முடியும் ஒட்டு, டியூபும் டயரும் ரிம்மும் மாற்றும் செலவாகிவிடும். தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தூரமானால் சிறு சரக்கு வண்டியில் ஏற்றுவதே மலிவு. காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள சுமார் 30 கிலோமீட்டரில், ஊர்களுக்கு இடையே உப்பளம் மட்டுமே உள்ள பகுதிகளில் இரவில் கடை கிடைப்பது அரிது. மஹ்ரிபுக்குப் பிறகு பெண்கள் தனியே ஸ்கூட்டரில் போவதாக இருந்தால் கிளம்பும் முன் காற்று பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

சீட்டுக்கு அடியில் ஒரு சிறு பையில் வைக்க வேண்டியவை: காற்று அளக்கும் கருவி, இரண்டு வால்வு பின், பின் சாவி, இரண்டு மூடி, முடிந்தால் கையடக்கப் பம்பு. டியூப் வண்டிக்குச் சரியான அளவில் ஒரு டியூப் இருந்தால் இன்னும் நல்லது. ஓரத்துக் கடையில் உங்கள் அளவு இல்லாமல் போகலாம்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது

பள்ளிவாசல் வாசலிலும், திருமண வீட்டு முன்னும் நிற்கும் வண்டிகளில் வால்வு மூடியைக் கழற்றுவதும், ஊசியை அழுத்திக் காற்றை இறக்கி விடுவதும் சில பிள்ளைகளுக்கு விளையாட்டு. அதன் விளைவு அவர்களுக்குத் தெரியாது. பாதிக் காற்று இறங்கிய வண்டியை இருட்டில் கவனிக்காமல் எடுப்பவர் பின்னால் ஒரு குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போவார். அடுத்தவர் பொருளுக்குச் செய்யும் தீங்கு மட்டுமல்ல, அது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. பெற்றோர் பிள்ளைகளைத் திட்டுவதை விட, இந்தப் பாடத்தில் உள்ள சோப்புச் சோதனையை அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். வால்வு எதற்கு என்று தெரிந்த பிள்ளை அதில் கை வைக்காது.

சாலையில் கிடக்கும் ஆணியையும் முள்ளையும் கண்டால் காலால் ஒதுக்கிவிட்டுப் போகாமல், எடுத்து அப்புறப்படுத்துங்கள். பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். வேலிக்கு வெட்டிய கருவேலக் கிளையைத் தெருவோரம் போட்டுவிட்டுப் போவதும் இதில் அடங்கும். அந்த முள் யாருடைய சக்கரத்தில் ஏறும் என்று நமக்குத் தெரியாது.

வீட்டுப் பயிற்சி

இந்த வாரம் வீட்டில் உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. முன், பின் சக்கரங்களுக்கு உரிய காற்றின் அளவை ஸ்டிக்கரில் பார்த்து, சாவிக்கொத்தில் ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள்.
2. காலையில் அளந்து குறியுங்கள். ஏழு நாள் கழித்து மறுபடி அளந்து, எத்தனை பவுண்டு குறைந்தது என்று பாருங்கள்.
3. இரு வால்வுகளிலும் சோப்புச் சொட்டு விட்டுப் பாருங்கள்.
4. தண்டு நேராக நிற்கிறதா, அடியில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள்.
5. மூடி இல்லாத வால்வுக்கு இன்றே மூடி போடுங்கள்.
6. டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படித்து, அதன் வயதைக் கணக்கிடுங்கள்.

பக்கத்து வீட்டில் ஆண்கள் ஊரில் இல்லாமல், பெண்கள் மட்டும் ஸ்கூட்டர் வைத்திருந்தால் அவர்களுக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். வீட்டு இளைஞர்களை அனுப்பிக் காற்று பார்த்துக் கொடுங்கள். ஒரு தெருவுக்கு ஒரு கால் பம்பும் ஒரு அளவுக் கருவியும் பொதுவில் இருந்தால் போதும், அத்தெருவில் எந்த வண்டியும் காற்றுக் குறைவோடு நெடுஞ்சாலைக்கு ஏறாது.

வெளியே கிளம்பும் ஒவ்வொருவரும் நலமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள் புரிவானாக. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைப்பதுதான் நமக்குச் சொல்லப்பட்ட வழி. வண்டிக்காரருக்கு வால்வைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது அதில் சேர்ந்தது.